நாலாவது வேண்டாம்

பேண்ட்ரி குப்பைத்தொட்டியில் கேசரியைப் பார்த்ததும் மரகதத்துக்குக் கோபத்துக்கு முன்னால் குமட்டல்தான் வந்தது. டிஷ்யூ காகிதத்தில் சுருட்டியிருந்தது. பாதி மென்று எச்சிலோடு துப்பிய கேசரி. அவள் நெய்யில் வறுத்துப் போட்ட முந்திரி ஒன்று பல் பட்டு நசுங்கிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைக் குப்பையில் போடுவது ஒரு பாவம் என்றால், வாயில் போட்டதைத் துப்புவது என்ன பழக்கம்? அதுவும் "சூப்பர் ஆண்ட்டி" என்று சிரித்துச் சொல்லிவிட்டு.

துப்பியவன் ஹரிஷ். அந்த எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸில் மூன்றாம் மாடிக்கே மேனேஜர். மரகதத்துக்கு அங்கே டீ, காபி போடும் வேலை. மகள் லாவண்யாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் விடிகாலையில் எழுந்து கேசரி கிளறி, தூக்கு நிறைய எடுத்து வந்திருந்தாள். ஹரிஷ் முதலில் வேண்டாம் என்றான். அவள் விடவில்லை. மறுபடியும் வேண்டாம் என்றான். "ஒரே ஒரு வாய்" என்று கிண்ணத்தை அவன் கணினிக்கு முன்னால் வைத்தாள். மூன்றாவது தடவையும் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். அந்த ஒரு வாய்தான் இப்போது குப்பைத்தொட்டியில் கிடந்தது.

மரகதம் பிறந்து வளர்ந்தது பழைய தமிழ்க் குடியிருப்பான மர்பி டவுனில். அந்தச் சந்துகளில் யார் வீட்டுக்குப் போனாலும் வெறும் வயிற்றோடு திரும்ப முடியாது. முதல் வேண்டாம் வெட்கத்தில் சொல்வது, அதை யாரும் காதிலேயே வாங்க மாட்டார்கள். இரண்டாவது மரியாதைக்கு. மூன்றாவது சொல்லும்போது விருந்தாளி இலை மேல் கையைக் கவிழ்த்துக்கொள்வார். அப்போதும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி குழம்பை விட்டுவிட்டுத்தான் பரிமாறுகிறவர் நகர்வார். விருந்தாளி திட்டுவார், திட்டிக்கொண்டே சாப்பிடுவார், வீட்டுக்குப் போய் என்னமாய்க் கவனித்தார்கள் என்று நாலு பேரிடம் சொல்வார். ஒருவர் சொல்லும் வேண்டாம் நிஜமா, ஒப்புக்கா என்று மரகதம் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். நிஜமான வேண்டாம் குட்டையாக, கெட்டியாக விழும். ஒப்புக்குச் சொல்வது கடைசியில் கொஞ்சம் இழுக்கும். நிஜமாக இருந்தாலும் அவள் விட்டதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஆபீஸில் எல்லாம் தலைகீழாக இருந்தது. மதியம் ஆளுக்கு ஒரு டப்பாவைத் திறந்து, காதில் எதையோ செருகிக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி தின்பார்கள். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து ஒரு வார்த்தை, வாங்க சாப்பிடலாம் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை, கிடையாது. அடுத்தவன் பட்டினியா, சாப்பிட்டானா என்று கேட்பதே அநாகரிகம் போலிருந்தது. சரி, அவ்வளவு ஒதுங்கி இருப்பவர்கள் எச்சிலிலாவது ஒதுங்கி இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரே குளிர்ந்த காபியில் ஒரே குழாயைப் போட்டு மூன்று பேர் உறிஞ்சுவார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கின் மேல் ஊதி எச்சில் தெறிக்க வைத்துவிட்டு, ஒருத்தி கடித்த துண்டை இன்னொருத்தன் வாயில் திணிப்பார்கள். மரகதம் கத்தியையும் தட்டையும் கழுவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவள் வீட்டில் தண்ணீர்ச் செம்பில் உதடு பட்டாலே மறுபடி தேய்க்க வேண்டும்.

கேசரி விஷயம் எப்படியோ எச்.ஆர் ஷில்பாவின் காதுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் நல்ல பெண்தான். மரகதத்தைத் தனி அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, கன்னடத்தில் நயமாகத்தான் சொன்னாள். இங்கே பல ஊர் ஆட்கள் இருக்கிறார்கள் ஆண்ட்டி, ஒருமுறை கேளுங்கள், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், நீங்கள் அன்பாகத்தான் கேட்கிறீர்கள், ஆனால் அவர்களுக்கு அது தொந்தரவாக இருக்கிறது என்றாள். மரகதத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஒரு தடவை கேட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா ஓட்டல் சர்வரா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

ஷில்பாவுக்குத் தமிழ் அரைகுறை. சிரித்து மழுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஹெப்பகோடியில் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். போன மாதம் ஹாலந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். பிஸ்கட் தட்டை நீட்டியபோது அந்த மனிதர் நோ என்று ஒரு தடவை சொன்னார். அவள் இரண்டாம் தடவை நீட்டுவதற்குள் ஹரிஷ் கண்ணைக் காட்டித் தட்டை எடுத்துப் போகச் சொல்லிவிட்டான். அவ்வளவு தூரம் பறந்து வந்த மனுஷன், இன்னொரு தடவை கேட்டிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பான், சீ, என்ன ஜென்மங்கள் என்று பொரிந்தாள்.

எத்திராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன்.

"நெஜமாவே ஒரு தடவை வோணாம்னா வுட்டுர்றாங்களா?" என்று கேட்டான்.

"அதான் சொல்றனே."

"நல்ல ஊரா இருக்குதே. நான் அங்க பொறந்திருந்தா குடிகாரனாவே ஆயிருக்க மாட்டேன்."

மரகதம் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

எத்திராஜ் குடித்த காலம் அவளுக்கு மறக்காது. மர்பி டவுன் வீட்டில் விடிந்தால் தரையெல்லாம் வாந்தி. பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அந்தப் புளித்த பிராந்தி நாற்றம் போகாது. அவள் கைகளிலேயே இருக்கும், அந்தக் கையால் பிசைந்த சோறு இறங்காது. கோபமும் அழுகையும் சீக்கிரமே வற்றிப்போயின, அருவருப்பு மட்டும் வற்றவே இல்லை. ஒரு நாள் அவன் லாவண்யாவின் பள்ளிக்கூடப் பையின் மேல் வாந்தி எடுத்தான். அன்றைக்குக் கழுவி முடித்து, கை துடைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு வாட்டி ஒன் வாயில அது பட்டுச்சுன்னு வெச்சுக்கோ, நான் சொல்லாம கொள்ளாம போயினே இருப்பேன். தேடிக்கினு வராத."

அவன் நிறுத்தினான். மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டி, ஹெப்பகோடிக்குக் குடிமாறி, மூன்று தீபாவளி கடந்துவிட்டது. எப்படி நிறுத்தினான் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். எத்திராஜால் கடையைத் தாண்டி நடக்க முடியும். பாட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். ஆனால் சொந்தக்காரன் ஒருவன் தோளில் கை போட்டு, "ஒரு வாய் மச்சான்" என்று சொன்னால் இரண்டு தடவை வேண்டாம் சொல்வான், மூன்றாவதையும் கஷ்டப்பட்டுச் சொல்வான், நாலாவதில் உடைந்துவிடுவான். அதனால் கல்யாணம், மஞ்சள் நீர், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மரகதம் மட்டும் போய்வந்தாள். அவருக்கு ஷிஃப்ட் என்பாள். ஊரே அவனுக்குத் திமிர் வந்துவிட்டது என்று பேசியது. பேசட்டும் என்று விட்டார்கள்.

அண்ணன் சாவுக்கு ஷிஃப்ட் என்று சொல்ல முடியுமா?

முனிராஜ் எத்திராஜுக்கு ஒரே அண்ணன். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளித்து ஆஸ்பத்திரியில் செத்தான். இரண்டும் பெண்பிள்ளைகள் என்பதால் தம்பிதான் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் காரியம் முடியும்வரை கறி, மீன், சரக்கு எதையும் வாயில் படவிடக் கூடாது என்பது வழக்கம். அதனால் சுடுகாட்டுக்குப் போய்வந்த அன்று மற்ற ஆண்கள் எல்லாம் குடித்து விழுந்தபோது அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. மரகதம் அந்த வழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பதினாறாம் நாள் காரியத்தன்று அதே வழக்கம் திரும்பி நின்று கழுத்தைப் பிடிக்கும் என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

காரியத்தன்று மர்பி டவுன் சந்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். உள்ளே முனிராஜின் படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. ஆட்டுக்கறிக் குழம்பு, முட்டை, மீன், வடை, ஒரு கட்டு பீடி. நடுநாயகமாக ஒரு முழு பாட்டில் பிராந்தி, பக்கத்தில் கண்ணாடி டம்ளர். போதாக்குறைக்கு ஈரல் வறுவல். மனுஷன் ஈரல் அழுகிச் செத்தவன். அவனுக்கு ஈரல் வறுத்து வைத்து, அவனைக் கொன்ற சரக்கையே ஊற்றி வைத்துச் சூடம் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் யாருக்கும் இது குமட்டவில்லை. இன்னும் கொஞ்சம் மிளகு தூவியிருக்கலாம் என்று ஒரு கிழவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

படையல் வைத்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள், செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். ரவிக்குமார்தான் முன்னால் போனான். முனிராஜின் மனைவி சந்திரம்மாவுக்குத் தம்பி அவன், காரியத்தை எடுத்துச் செய்கிறவன். நல்ல மனுஷன் என்று பெயர், யார் வீட்டுக் கஷ்டத்துக்கும் முதலில் ஓடிவருகிறவன். படையல் டம்ளரை எடுத்து, பாட்டிலிலிருந்து பாதிக்கு ஊற்றி, இலைப்பக்கம் உட்கார வைத்திருந்த எத்திராஜுக்கு முன்னால் வந்து நின்றான். கொள்ளி வைத்தவன் முதல் வாய் குடித்து விரதம் முடிக்க வேண்டும், அப்புறம்தான் பங்காளிகளுக்கும் மற்றவர்களுக்கும்.

"வோணாம் மச்சான்," என்றான் எத்திராஜ்.

குட்டையாக, கெட்டியாக விழுந்தது. மரகதம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாலந்துக்காரர் பிஸ்கட் தட்டைப் பார்த்துச் சொன்னது போன்ற வேண்டாம் அது. அவளுக்கு மனசுக்குள் பெருமையாக இருந்தது.

ரவிக்குமார் சிரித்தான். முதல் வேண்டாமை யார் காதில் வாங்குவார்கள்? டம்ளரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து, நீ விட்டுவிட்டாய் என்று தெரியும், உன்னைக் குடிகாரனாக்க இங்கே யாருக்கும் ஆசையில்லை, சாமி தீர்த்தம் மாதிரி ஒரு சொட்டு என்றான். எத்திராஜ் தலையை ஆட்டினான். "வோணாம், வுட்டுரு." பின்னாலிருந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு மூடி போதும் என்றான் ஒருவன். உதட்டில் தொட்டு வைத்தால் போதும் என்றார் ஈரல் கிழவர். அண்ணன் தூக்கி வளர்த்த தம்பி என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அழுதது. எல்லாருடைய முகத்திலும் அன்பு வழிந்தது. அந்த அன்பைப் பார்க்கப் பார்க்க மரகதத்துக்கு எரிச்சல் மேலேறியது.

பிறகு சந்திரம்மா எழுந்து வந்தாள். தாலி இல்லாத கழுத்து, அழுது வீங்கிய முகம். கொழுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில கடைசியா ஒரு வாய் குடுடின்னு கெஞ்சினாருப்பா. டாக்டரு சொன்னாருன்னு நான் குடுக்கல. வாய் காஞ்சிதான் போனாரு. நீ குடிச்சா அவருக்குப் போய்ச் சேரும். எனக்காகக் குடி."

"வோணாம் அண்ணி," என்றான் எத்திராஜ் மூன்றாம் தடவையாக. கண் கலங்கியிருந்தது. குரல் நடுவில் உடைந்தாலும் சொல் உடையவில்லை.

"ஒரே ஒரு வாய்ப்பா."

"வோணாம் அண்ணி... வோணாம்..."

நாலாவது வேண்டாம் கடைசியில் இழுத்தது. மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. மரகதத்துக்குக் கேட்டது. ஆயுசு முழுக்கப் பந்தியில் அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் கரண்டியைச் சாய்த்திருக்கிறாள். இலை மேல் கவிழ்ந்த கை விரல்களை அகட்டும்போது வரும் வேண்டாம் அது, இன்னொரு தடவை கேள் என்று சொல்லும் வேண்டாம். மடியில் இறுகியிருந்த அவன் வலது கை மெல்ல விரிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் ஒருவரும் கெட்டவர் இல்லை, ஒருவரும் அவனைக் கெடுக்க நினைக்கவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நிஜமான வேண்டாமை அடித்துத் துவைத்து ஒப்புக்கு வேண்டாமாக ஆக்கிவிட்டார்கள்.

அவள் விறுவிறு என்று உள்ளே போனாள். ஆண்கள் நடுவே போய் நின்றாள்.

"அண்ணா, ஒரு தடவை கேட்டீங்க, வோணாம்னாரு. அத்தோட வுட்டுருங்க," என்றாள் ரவிக்குமாரிடம்.

ரவிக்குமார் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. வருத்தமாகத்தான் பார்த்தான்.

"இன்னா மரகதம் இது. ஒரு தடவை கேட்டுட்டுப் போறதுக்கு நான் இன்னா ஓட்டல் சர்வரா? சொந்தம்மா நாங்க."

ஷில்பாவிடம் அவள் கேட்ட வார்த்தையே அடுத்தவன் வாயிலிருந்து வந்தது. குப்பைத்தொட்டியில் கிடந்த கேசரி ஞாபகம் வந்தது. ஹரிஷும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான், நாற்காலியில் கொஞ்சம் பின்வாங்கி, சிரிக்க முயன்றுகொண்டு. அவளும் இதே போலத்தான் கிண்ணத்தோடு நின்றாள், முகத்தில் அன்பு வழிய. சீ என்று தோன்றியது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத அருவருப்பு, ரவிக்குமார் மேலும், அழுகிற சந்திரம்மா மேலும், தன் மேலும் ஒட்டுமொத்தமாக.

எத்திராஜின் கை டம்ளரைத் தொட்டுவிட்டது.

மரகதம் அதைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு பிராந்தி இலைப்பக்கம் ஓடியது. ரவிக்குமார் பாட்டிலுக்குக் குனிவதற்குள் அவள் அதை எடுத்தாள். மூடி திறந்தே இருந்தது. பாட்டிலின் கழுத்தை முழுதாக வாயில் கவ்வி ஒரு மிடறு இழுத்தாள். தொண்டையை எரித்தது. விழுங்கவில்லை. எச்சிலோடு சேர்த்துக் கொப்பளித்துப் பாட்டிலுக்குள்ளேயே துப்பினாள். எல்லாரும் பார்க்கத் துப்பினாள், நூல் போல எச்சில் பாட்டில் வாயிலிருந்து மோவாய் வரை தொங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து, "சீ, கலீஜு" என்று ஒருத்தி முகத்தைத் திருப்பினாள். படையலை எச்சில் செய்துவிட்டாளே பாவி என்று சந்திரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஈரல் கிழவர் எழுந்து வெளியே போய்க் காறித் துப்பினார். அருவருப்பில் சுளித்த அத்தனை முகங்களையும் மரகதம் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் அவள் மட்டும் சுமந்ததை இப்போது எல்லாருக்கும் பங்கு வைத்தாயிற்று. படையல் சரக்கு ஒரே பாட்டில்தான். எச்சில் பட்டது படையலுக்கு ஆகாது. இனி எந்த மடையனும் இதை எத்திராஜ் முன்னால் நீட்ட முடியாது. எத்திராஜோ, இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கடித்த பழத்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அவன் சாப்பிட்ட தட்டில் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அவள் உதடு பட்ட செம்பை அவன் தேய்க்காமல் எடுத்ததில்லை.

எத்திராஜ் எழுந்தான். அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினான். சாக்கடையில் ஊற்றப்போகிறான் என்றுதான் நினைத்தாள். தோள் துண்டின் முனையால் பாட்டிலின் வாயை ஒரு சுற்றுத் துடைத்தான். அவளைப் பார்க்காமல், ரவிக்குமாரையும் பார்க்காமல், படத்தில் இருந்த அண்ணனைப் பார்த்து, "பொண்டாட்டி எச்சிதானே," என்றான். அண்ணாந்து குடித்தான். ஒரு வாய் இல்லை. தொண்டைக்குமிழ் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மூச்சு வாங்கும்வரை குடித்தான்.

கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் கூட மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார்கள். "பாத்தியா மரகதம், ஒன் எச்சி அவனுக்கு அமிர்தம்," என்று ரவிக்குமார் எத்திராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று யாரோ சொன்னார்கள். சந்திரம்மா படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள், போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

மரகதம் கொல்லைக் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். எத்தனை தடவை கொப்பளித்தாலும் எரிச்சல் நாக்கை விட்டுப் போகவில்லை. புருஷன் தன் எச்சிலைக் குடித்தான் என்பதை வேறு எந்த நாளிலாவது, வேறு எதிலாவது பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வெட்கப்பட்டிருப்பாள். அதை இந்தச் சனியனுக்காகச் செய்தான். அவள் எச்சிலைவிட, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தைவிட, அந்த ஒரு வாய் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து இவர்கள் கைதட்டுகிறார்கள். குழாயடியில் குந்தி வாந்தி எடுக்கப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

சந்திரம்மா இலையோடு வந்தாள். கோபமெல்லாம் தீர்ந்த முகம். காலையிலிருந்து நீ எதுவும் சாப்பிடவில்லை, வா, ஒரு வாய் சாப்பிடு என்று கூப்பிட்டாள். மரகதம் வேண்டாம் என்றாள். அதெப்படி, காரிய வீட்டில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று சந்திரம்மா கையைப் பிடித்து இழுத்தாள். மரகதம் கையை உருவிக்கொண்டாள். இரண்டாவது வேண்டாமைச் சொல்லவில்லை. ஒன்றே போதும் என்று வாசலுக்கு நடந்தாள்.

ஷாமியானாவுக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடினாள். தங்கை சாந்தகுமாரி தொம்மலூரில் இருக்கிறாள், ஆட்டோ பிடித்தால் பக்கம்தான். நாளைக்கு அங்கிருந்தே வேலைக்குப் போகலாம். லாவண்யாவுக்கு ராத்திரி போன் போடலாம். ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று யாருடையதோ அடியில் மாட்டியிருந்தது.

எத்திராஜ் வாசற்படிக்கு வந்துவிட்டான். கையில் புதிதாக ஒரு டம்ளர். முகம் அதற்குள் தொளதொளத்து, மூன்று தீபாவளிக்கு முந்தைய முகமாகிவிட்டிருந்தது. அவன் மூச்சு இரண்டு படி தள்ளி அவள் மேல் அடித்தது. அவளுக்கு அந்த நாற்றம் தெரியும். அவள் எங்கே கிளம்புகிறாள் என்று அவனுக்கும் தெரிந்தது. அங்கே இருந்தவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"மரகதம், இரேன்," என்றான்.

"வோணாம்."

அது கடைசியில் கொஞ்சம் இழுத்தது. அவள் காதிலேயே இழுத்தது. தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தும் குனிந்து செருப்பு வாரை மாட்டுவது போல நேரம் கடத்தினாள். மாட்டி முடித்த வாரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அவன் இன்னொரு தடவை கேட்பான் என்று காத்திருந்தாள். ஒரு டம்ளருக்கு நாலு தடவை கெஞ்சுகிற ஜனம். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளேயிருந்து ரவிக்குமார், "மச்சான், வா," என்று கூப்பிட்டான். எத்திராஜ் திரும்பிப் பார்த்தான். இவளைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

மரகதம் தெருவில் இறங்கினாள். சாவு நடந்த வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, போய்வருகிறேன் என்ற வார்த்தையே ஆகாது. அதனால் நாற்காலிகளில் இருந்த யாரும் அவளைத் தடுக்கவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவும் இல்லை. எச்சில் துப்பியவள்தான் என்றாலும் முறை தெரிந்தவள் என்று ஈரல் கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.